துவைக்கிற கல்லுக்கு வந்த முனியப்பன்

அது துணி துவைக்கிற கல். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.

வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோடியில் கொஞ்சம் புறம்போக்கு நிலம் இருக்கிறது. வேலிக்கருவையும் உடைந்த பாட்டிலும்தான் அங்கே விளைச்சல். அதில் அரசாங்கம் குடிசை மாற்று வாரியத்தை வைத்து அடுக்குமாடி கட்டி, ஓடைக்கரையில் குடிசை போட்டிருக்கிற எங்களுக்குக் கொடுப்பதாக இருந்தது. பட்டியலில் என் மகள் பெயரும் வந்தது. புருஷன் செத்த பிறகு இரண்டு பெண் பிள்ளைகளோடு என் குடிசையை ஒட்டித் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருக்கிறாள். மழை பெய்தால் சாக்கடை உள்ளே வரும். அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைப்பாள்.

எதிர்த்தவர்கள் பங்களாக்காரர்கள் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். நிலத்துக்கு எதிரே இருக்கிற தறிக்காரத் தெரு. நாலு தறி, ஆறு தறி வைத்துப் பிழைக்கிறவர்கள். அவர்கள் குடியிருக்கிற மனையே அந்தக் காலத்தில் அரசாங்கம் சும்மா கொடுத்த பட்டா. அவர்கள் தறிக்கு நூல் சுற்றுவது எங்கள் பெண்கள். வேலைக்கு வரலாம், எதிரே குடி வரக்கூடாது.

“வாரிய ஊடு வந்துச்சுன்னா கண்டதுகளும் வந்து சேருமுங்க. பொம்பளப் புள்ளைங்க ரோட்டுல போவ முடியாது” என்று ஒரு தறிக்காரர் டீக்கடையில் என் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

“உங்க தறிக்கு வாரவங்களும் பொம்பளப் புள்ளைங்கதானுங்க. அவங்க என்ன பறந்தா வாராங்க?” என்றேன். டீக்கடைக்காரர் சிரித்தார். தறிக்காரர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

மனுக் கொடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால் நிலத்தின் நடுவே முனியப்பன் நிற்கிறார். நிமிர்த்தி வைத்த ஒரு கல், அதற்கு மஞ்சள் துணி, சந்தனம், பக்கத்தில் ஒரு வேல், வேலின் முனையில் எலுமிச்சம்பழம்.

அந்தக் கல்லை எனக்குத் தெரியாதா? அந்த நிலத்தில் முன்பு ஊர்க் கிணறு இருந்தது. ரிக் வண்டிகள் வந்து காடெல்லாம் ஆழ்துளைப் போர் போட்ட பிறகு அது வற்றிப்போக, மூடிவிட்டார்கள். அதை வெட்டினவர்களில் நான் ஒருவன். எங்கள் மேஸ்திரிக்கு ஒரு கண் கிடையாது. ஆனாலும் பாறையைத் தடவிப் பார்த்தே எங்கே வெடி வைக்கலாம் என்று சொல்வார். மகா கோபக்காரர், சாப்பிடும்போது மட்டும் குழந்தை மாதிரி இருப்பார். அவர் சொன்ன இடத்தில் வெடித்து வந்த பலகைக் கல்லை நான்தான் சமன் செய்து துவைக்கப் போட்டேன். ஓரத்தில் என் உளி வழுக்கின தழும்பு இருக்கும். அந்தத் தழும்பின் மேல்தான் குங்குமம் வைத்திருந்தார்கள்.

தாசில்தார் நிலத்தைப் பார்க்க வந்தார். ஓடைக்கரையும் தறிக்காரத் தெருவும் கூடி நின்றன. நான் முன்னால் போய், “இது நான் உடச்ச கல்லுங்க. சாமியில்லீங்க” என்றேன்.

டீக்கடையில் பேசின அதே தறிக்காரர் போனை எடுத்து தாசில்தாரிடம் நீட்டினார். “அப்பறம் எதுக்குங்க பெரியவரே கும்புட்டீங்க?”

படத்தில் நான். செருப்பைக் கழற்றிவிட்டு, கை கூப்பி, அந்தக் கல்லுக்கு முன்னால். பொய் இல்லை. இரண்டு நாள் முன்பு அந்த வழியாகப் போனேன், கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, கை தானாக ஏறிவிட்டது. கிணற்று வேலைக்காரன் எவனும் ஒரு கல்லைத் தொட்டுக் கும்பிடாமல் கயிற்றில் இறங்க மாட்டான். முப்பது வருஷம் அப்படி இறங்கின கை.

“ஓடக்கர ஆளே கும்புடறாரு, நாங்க சொன்னாத்தான் தப்பாக்கு” என்று ஒரு பெண் சொல்ல, தெருவே சிரித்தது.

தாசில்தார் நல்ல மனுஷன். “கல்லு உங்களுதுன்னா நீங்களே எடுத்து ஓரமாப் போட்டுருங்க பெரியவரே. நான் அப்படியே எழுதிக்கறேன்” என்றார்.

கிட்டே போனேன். கை வைத்தேன். வெயிலில் கல் கொதித்தது, எண்ணெய் ஒட்டியது. சிரிப்பு நின்றுவிட்டது. என் மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்களோடு கிணற்றில் இறங்கி மேலே வராமலே போனவர்கள் முகமெல்லாம் அப்போது ஏன் வரவேண்டும்? கையை எடுத்துவிட்டேன்.

கோயில் இருப்பதாக அவர் எழுதிக்கொண்டு போனார். அடுக்குமாடி வேறு ஊருக்குப் போனது. பட்டியலும் அந்த ஊர்க்காரர்களுக்கு என்று ஆகிவிட்டது. இப்போது கல்லுக்குத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். முதல் பூஜையன்று எனக்குப் பொங்கல் கொடுத்தனுப்பினார்கள். ஓடையில் கொட்டினேன். அவர்கள்மேல் இருக்கிற ஆத்திரத்துக்கு அது போதாது. என்மேல் இருக்கிறதற்கு எதைக் கொட்டுவது?

போன மழையில் மறுபடியும் தண்ணீர் வந்தது. மகள் அடுப்பைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளை என்னிடம் தள்ளிவிட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

“ஏப்பா, அந்தக் கல்லு உன்னய என்ன பண்ணிப்போட்டிருக்கும்?”