அப்பாவிடம் கேட்ட டிக்கெட்

வாழைச்சேனை ஸ்டேஷனில் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளின் தார் வாசம் அடித்ததும் அப்பா வேலைக்குக் கட்டும் சாரம் நினைவுக்கு வந்தது. சண்டைக் காலத்தில் உடைந்த ரயில் பாதையைத் திரும்பப் போட்ட கூலிகளில் அவரும் ஒருவர். கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்க்க, ஆமிக்காரர்கள் கூலிகளையே முன்னால் நடக்கவிட்டார்கள்.

"இண்டைக்குப் போகாதீங்க," என்று ஒருநாள் காலையில் அம்மா மறித்தா.

"போகாட்டி வீட்டுக்கு வந்து இழுத்துக்கொண்டு போவானுகள்," என்றார் அப்பா.

அன்றுதான் அவருடைய இடது கால் போனது.

பாதை திறந்த அன்று, முதல் ரயிலைப் பார்க்க ஊன்றுகோலோடு போனார். மேடையில் அதிகாரிகளுக்கு மாலை விழுந்துகொண்டிருந்தது. அப்பாவை வாசலிலேயே மறித்து, "டிக்கெட் எங்க?" என்று கேட்டார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பதினொரு வயதில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"பாசிக்குடா பீச்சுக்கு இப்ப சொகுசாப் போகலாம், என்ன?" என்றாள் இன்று ஸ்டேஷனில் என் பக்கத்தில் ரயிலுக்கு நின்ற பெண்.

"போகலாம். எங்கட அப்பாட காலை எடுத்துத்தான் இந்தப் பாதையைப் போட்டவங்க," என்றேன்.