மூன்று வருடமா, ஒரு வருடமா

பேஸ்போல் பார்க்கிற தமிழ்ப் பெண் என்று சொன்னால் மொன்றியலில் இன்னமும் சிலர் சிரிக்கிறார்கள். ஹொக்கி என்றால் பிள்ளைகளால் வந்த பழக்கம் என்று விளங்கிக்கொள்வார்கள். எனக்கு பேஸ்போல் வேலைக்குப் போகிற காரில் வந்தது.

நான் மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருப்பவரும் நானும் ஒரே பாண் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். நான் பாணைப் பொதி கட்டும் பகுதி, அவர் அதைச் சுடுகிற போறணைப் பகுதி. சொந்தக்காரர் இல்லை, ஆனாலும் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பதினொரு வருடமாக அவருடைய காரில்தான் போய் வந்தேன். காலையில் ரேடியோவில் முந்தைய நாள் ஆட்டத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். முதல் வருடம் பொறுத்துக்கொண்டேன். பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு ரேடியோக்காரரோடு நானே வாதாட ஆரம்பித்துவிட்டேன்.

மொன்றியலுக்கென்று ஓர் அணி இருந்தது. அது இந்த ஊரை விட்டுப் போய் வெகு காலம். அண்ணை கனடா வந்த புதிதில் அந்த அணியின் ஆட்டங்களைக் கடைசி வரிசையில் இருந்து பார்த்தவர். "ஆரும் என்னை விளங்காத பாஷையிலை கேள்வி கேக்காத இடம் அது ஒண்டுதான்" என்பார். அணி போன பிறகு வேறு வழியில்லாமல் டொரன்டோ அணிக்கு மாறினார். தொழிற்சாலையில் இருக்கும் பிரெஞ்சுக்காரர் சிலர் அதைப் பெரிய துரோகமாகச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள்.

டொரன்டோ அணியில் பந்து பிடிப்பவர் ஒருவரை அண்ணைக்கு மிகவும் பிடிக்கும். அடிப்பவருக்குப் பின்னால் முழங்காலை மடித்துக் குந்தியிருந்து, வருகிற பந்தையெல்லாம் பிடிப்பது அவருடைய வேலை. வயது முப்பத்தெட்டு. இலையுதிர்காலத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அவர் மூன்று வருடம் கேட்கிறார், அணி ஒரு வருடத்துக்கு மேல் தர விரும்பவில்லை, வேறு அணிகளும் கூப்பிடுகின்றன என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. எங்கள் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பனிக்காலம் முழுக்க அதே கதைதான்.

மேசையில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. சென்னையிலிருந்து வந்து தரப் பரிசோதனைப் பகுதியில் வேலை செய்பவர், முப்பது வயது இருக்கும். கிரிக்கெட்டோடு வளர்ந்தவர். பேஸ்போலில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது என்பதற்காகவே அதைப் பார்க்கத் தொடங்கியவர்.

"சென்டிமென்ட் வேற, டீம் வேறண்ணா" என்பார் அவர். "முட்டி போச்சு அவருக்கு. மூணு வருஷம் குடுத்தா அதுல ரெண்டு வருஷம் பெஞ்சுலதான் உக்காந்திருப்பாரு. ஒரு வருஷம் குடுத்து அழகா வழியனுப்பலாம்."

"தம்பி, முழங்காலே பந்து பிடிக்கிறது? கண்ணும் மூளையும்தான் பிடிக்குது" என்பார் அண்ணை. "பந்து எறியிறவன் பதறேக்கை ஆர் எழும்பிப் போய் அவன்ரை தோளிலை கை வைக்கிறது? உம்மடை கணக்கிலை அது எந்த இடத்திலை வருது?"

நான் பெரும்பாலும் அண்ணையின் பக்கம்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. காலையிலிருந்து பொதி கட்டும் இயந்திரம் மூன்று தரம் நின்றுபோய், நானும் அலுத்துப்போயிருந்தேன்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ" என்றேன். "வயசு போனால் தானாய் விலகி இடம் விடுறதுதான் மரியாதை. கேட்டுக் கேட்டு நிண்டு, கடைசியிலை ஆக்கள் பாவம் பாக்கிற நிலைக்கு வரக்கூடாது."

சென்னைத் தம்பி மேசையில் தட்டிச் சிரித்தார். அண்ணை சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "ஓம், அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நானும் என் பெட்டியை மூடினேன். இத்தனை வருடத்தில் பேஸ்போல் விஷயத்தில் அவர் ஒரு தரமாவது என்னோடு ஒத்துப்போனது கிடையாது.

பின்னேரம் காரில் ரேடியோ போடவில்லை. என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"தங்கச்சி, நாளையிலையிருந்து கொஞ்ச நாளைக்கு உம்மாலை பஸ்ஸிலை வர ஏலுமோ? போறதுக்கும் வாறதுக்கும். எனக்கு ஒரு அலுவல் இருக்கு."

"என்ன அண்ணை அலுவல்?"

"பேந்து சொல்லுறன்."

அடுத்த நாளிலிருந்து ஒரு பஸ், பிறகு ரயில், பிறகு இன்னொரு பஸ். நின்று நின்று கால்விரல்கள் மரத்துப்போகும். குளிரைக்கூடத் தாங்கலாம். அண்ணை மத்தியானம் சாப்பாட்டு மேசைக்கும் வரவில்லை, அதுதான் வருத்தியது. போறணைக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிடுகிறாராம். வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "ஒரு விளையாட்டுக் கதைக்கு அந்த மனுசன் இவ்வளவு கோவிக்காது. வேறை ஏதோ இருக்கு" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அந்த வேறு ஏதோ என்ன என்பது திங்கட்கிழமை தெரிய வந்தது. என்னோடு பொதி கட்டும் ஹெயிட்டிக்காரப் பெண்தான் சொன்னாள். பழைய போறணைகளைக் கழற்றிவிட்டு, திரையில் விரலால் தொட்டு இயக்குகிற புதிய போறணையைப் பூட்டுகிறார்கள். அண்ணை உட்படப் பழைய ஆட்கள் மூன்று பேரையும் மேலே கூப்பிட்டு, ஒன்றில் புதியதைப் படித்துச் சோதனையில் தேற வேண்டும், அல்லது கொடுப்பதை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"எப்போது கூப்பிட்டார்கள்?" என்று கேட்டேன்.

"போன திங்கள்" என்றாள்.

நான் மரியாதையைப் பற்றி உபதேசம் செய்ததற்கு முதல் நாள். அண்ணைக்கு அறுபத்தொரு வயது. பாண் பொதிகளை அடுக்கிக்கொண்டே அன்று முழுவதும் என் வாயை நானே திட்டினேன். போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அந்தச் செய்தி எனக்குத் தெரியும் என்பதே அவருக்கு இன்னொரு அவமானமாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் சென்னைத் தம்பி தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"அக்கா, சைன் பண்ணிட்டாருக்கா! அதே டீம்! ரெண்டு வருஷம்!"

நான் யோசிக்கவில்லை. தலையில் போட்ட வலையோடு அப்படியே போறணைப் பகுதிக்கு நடந்தேன். புதிய போறணையைச் சுற்றி இன்னமும் பிளாஸ்டிக் விரிப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, மூக்கு நுனியில் கண்ணாடியோடு அண்ணை நின்றார். பக்கத்தில் ஓர் இளம் பிரெஞ்சுப் பெண் திரையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஒரு கொப்பி. பிரெஞ்சுச் சொற்களையெல்லாம் அதில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

"அண்ணை, அவர் கையெழுத்து வச்சிட்டாராம்."

திரும்பிப் பார்த்தார். "எத்தினை வருசம்?"

"ரெண்டு."

"அப்ப நானும் பிழை, தம்பியும் பிழை." சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணை, அண்டைக்கு நான் சொன்னது... எனக்கு இந்த விசயம் ஒண்டும் தெரியாது."

"தெரியாதெண்டு எனக்குத் தெரியும்." கொப்பியை மூடினார். "கோவமே வரேல்லையெண்டு சொன்னால் பொய். ரெண்டு நாள் இருந்தது. ஆனால் உம்மை விட்டிட்டு வாறது அதாலை இல்லை. இந்தப் பிள்ளை விடிய அஞ்சு மணிக்குப் படிப்பிக்க வருது. பின்னேரமும் ஒரு மணித்தியாலம் மறிச்சு வச்சுப் படிப்பிக்குது. உம்மையும் அந்த நேரத்துக்கு எழுப்பி இழுத்துக்கொண்டு வரவோ?"

"சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிப்போட்டுச் சோதினையிலை விழுந்தால்? அதுக்குப் பிறகு எந்த முகத்தோடை உம்மோடை பேஸ்போல் கதைக்கிறது?"

ஒன்றும் விளங்காமல் அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் யார் என்று கேட்டாள். அண்ணை நன்றாக நிமிர்ந்து, "மா ஸேர்" என்றார். என் தங்கை. எனக்கு அந்தளவு பிரெஞ்சு விளங்கும்.

அடுத்த நாளிலிருந்து விடிய நாலரைக்கே என் வாசலில் கார் வந்து நின்றது. வேண்டாம் என்று அவர் சொல்லியும் நான் விடவில்லை. காரில் கொப்பியைப் பிடித்துக்கொண்டு நான் கேள்வி கேட்பேன், அவர் மறுமொழி சொல்வார். மத்தியானத்தில் சென்னைத் தம்பி திரையில் வருகிற வெப்பநிலைக் கோடுகளை ஒரு கடதாசியில் கீறிக் காட்டுவார். "அண்ணா, இந்தக் கோடு சடார்னு மேல போச்சுன்னா கதவு சரியா மூடலன்னு அர்த்தம்." அண்ணை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வார். இடையிடையே இரண்டு பேரும் அந்த இரண்டு வருட ஒப்பந்தம் சரியா பிழையா என்று பிடுங்குப்படுவார்கள். நான் இம்முறை வாயைத் திறக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துச் சோதனை நடந்தது. மேலே போனவர் வெகு நேரம் வரவில்லை. நானும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் எதையும் தொடாமல் இருந்தோம். கடைசியில் வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கதிரையை இழுத்து இருந்தார்.

"ரெண்டு கேள்வி பிழைச்சுப்போச்சு" என்றார்.

"எத்தினை கேள்வியிலை அண்ணை?" என்றேன்.

"மிச்சம் எல்லாம் சரி. வேலை இருக்கு. புதுசாய் வாற ஆக்களையும் நீயே பழக்கு எண்டு சொல்லிப்போட்டினம்."

தம்பி எழுந்து அவரைக் கட்டிப்பிடித்த விதத்தில் அண்ணையின் கண்ணாடி கீழே விழுந்தது. நல்ல காலம், உடையவில்லை.

அன்று பின்னேரம் பனி கொட்டியது. நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. காருக்குள் நல்ல சூடு. சித்திரையில் டொரன்டோவுக்குப் போய் முதல் ஆட்டத்தைப் பார்த்தால் என்ன என்று அண்ணை சொல்லிக்கொண்டு வந்தார். ஓம் அண்ணை என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை.

"தங்கச்சி, எழும்பும். வீடு வந்திட்டுது."

கண் விழித்தேன். வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு நான் நன்றாக நித்திரை கொண்டிருந்தேன்.