மேலிருந்து எண்ணிய பாறை

லொறி வர இரண்டு நாள் இருக்கும்போதுதான் எங்கள் பாறை தலைகீழாக இருப்பது தெரியவந்தது.

நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சிறிய வேர்க்‌ஷொப்பில் பதினெட்டு வருடம் வேலை செய்தவன். மியூசியங்களுக்கு மொடல் செய்து கொடுப்போம். அந்த முறை வந்த ஓடர் ஒரு பியூட். பாலைவனப் பள்ளத்தாக்கில் தனியாக நிற்கும், தலை தட்டையான பாறைக்குன்று அது. எங்கள் மொடல் ஆறடி உயரம். ஃபோமில் செதுக்குவது என் வேலை, பெயின்ற் அடிப்பது நஸ்ரினின் வேலை. அவர் சேர்ந்து இரண்டு மாதம்தான், இன்னும் புறொபேஷன்.

படத்தைப் பார்த்துச் செதுக்கியதால் உருவம் சரியாகவே வந்தது. மேலே மெல்லிய மூடிக்கல், நடுவில் செங்குத்தான சிவப்பு மணற்கல், அடியில் பாவாடை விரித்தாற்போல் சரிவு. நஸ்ரினுக்கு வசதியாக மாஸ்கிங் ரேப்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி, பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒட்டிவிட்டேன். மியூசியம் அனுப்பிய ட்ரோயிங்கில் இருந்த கலர் இலக்கங்களைப் பார்த்து அவர் அடித்தார்.

செக் பண்ண மியூசியத்திலிருந்து அபிராமி என்ற ஜியோலஜிஸ்ட் வந்தார். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அங்கிள், லேயர்ஸ் மாறிப்போச்சு. நாங்கள் கீழ இருந்துதான் நம்பர் பண்ணுவம், அடியில இருக்கிறதுதான் ஓல்டஸ்ற், ஆகப் பழசு. இதில சொஃப்ற் ஷேல், அந்தக் களிக்கல்லு, மேல நிக்குது. ஷேல் மழைக்குக் கரைஞ்சிடும். மேல ஹாட் றொக், இறுகின கல்லு, மூடியிருக்கிறதாலதான் பியூட் இன்னும் நிக்குது."

முதலாளி குகன் நஸ்ரின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உங்களுக்கு ட்ரோயிங் பாக்கத் தெரியாதே? புறொபேஷன் முடிய முன்னமே இப்பிடியெண்டா, நான் உங்களை எப்பிடி வைச்சிருக்கிறது?"

நஸ்ரின் கையிலிருந்த பிரஷை ஒரு துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். பாறையின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் அந்த ரேப் இன்னும் ஒட்டியிருந்தது. அவர் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருடத்தில் ஒரு வேலை திரும்பி வந்ததில்லை என்ற பெருமை என் வாயைக் கட்டிப் போட்டது.

"எப்ப திருத்தி முடிப்பீங்கள்?" என்று அவரிடமே குகன் கேட்டபோதுதான் வாய் திறந்தேன்.

"குகன், அவவில பிழையில்லை. நம்பர் போட்டது நான். மேல இருந்து எண்ணிப்போட்டன்."

குகன் பின்பக்கம் போய் ரேப்பைப் பார்த்தார். "சரி அண்ணை. ரெண்டு பேருமாச் சேர்ந்து திருத்துங்கோ" என்றார். பிறகு நஸ்ரினிடம், "மன்னிச்சுக் கொள்ளுங்கோ தங்கச்சி" என்றார்.

இரண்டு நாளும் பழைய பெயின்றை நான் உரஞ்சிக் கொடுக்க, அவர் அடித்தார். லொறி சொன்ன நேரத்துக்குப் போனது. அடுத்த மாதம் அவரது வேலையும் நிரந்தரமானது.

உரஞ்சிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ரேப்பைக் காட்டியிருக்கலாமே, ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன் அண்ணை."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இலக்கம் போடும்போது, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பிழை உங்களுடையது என்றால், மற்றவர் தலை குனிவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன்தான், ஆனால் அவர் தலை குனிந்த பிறகு.