உங்கள் மாமா செய்த காற்றுக் கட்டில்

பிள்ளைகளே, போன பொங்கலுக்கு எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிட்டபோது உங்கள் மாமாவைப் பற்றிப் பேசிச் சிரித்தீர்கள். பேரனுக்குக் காய்ச்சல் என்று போனில் சொன்னால், "ஏறி ஏறி இறங்குதா, ஒரே மட்டத்துல நிக்குதா?" என்று கேட்டாராம். இன்ஜினியர்களுக்கு மனசு இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் வைத்திருப்பார்கள் போல என்று சின்னவன் சொன்னான். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய ஆள்தான் அவர். ஆனால் உங்களுக்கு அவரைப் பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்லாவிட்டால் சொல்வதற்கு வேறு யாரும் இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கோவையாக எழுத வராது. வந்த வரைக்கும் எழுதுகிறேன்.

அவர் உங்கள் அம்மாவின் ஒரே அண்ணன். அந்தக் குடும்பத்தில் முதலில் இன்ஜினியருக்குப் படித்தவர். மலைமேல் அரவேணுப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் அவருக்கு வேலை. அதே ஃபாக்டரிக்குப் பச்சை இலை ஏற்றி வரும் லாரியை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவில் நான் கியர் மாற்றும் சத்தத்தை ஃபாக்டரி வாசலில் நின்று கேட்டுத்தான் தங்கைக்கு மாப்பிள்ளையாக என்னைப் பிடித்தாராம். கியரை அரைக்காமல் மாற்றுகிறவன் பொண்டாட்டியை அடிக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. ஜாதகம் எல்லாம் அதற்குப் பிறகுதான் பார்த்தார்கள்.

கல்யாணம் அவிநாசிப் பக்கம் அவர்கள் தோட்டத்திலேயே நடந்தது. கைகோர்வைச் சீரில் மாப்பிள்ளையும் பெண்ணின் அண்ணனும் கை கோத்துக்கொள்ள வேண்டும். சனம் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவரோ என் விரல்களைப் பிடித்தபடி பந்தலை அண்ணாந்து பார்க்கிறார். அப்புறம் என் காதருகே குனிந்து, "மாப்ள, அந்த மூலைக் கால் தாங்காதுங்க" என்றார். சீர் முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கில் தேடப் போய்விட்டார். நான் தாலி கட்டும் படம் ஒன்றில்கூட அவர் இல்லை. பந்தல் விழவில்லை. முட்டுக் கொடுத்ததால் விழவில்லை என்பது அவர் கட்சி. கொடுக்காவிட்டாலும் நின்றிருக்கும் என்பது உங்கள் அம்மாவின் கட்சி. இந்த வழக்கு எங்கள் வீட்டில் வருஷக்கணக்கில் ஓடியது. கோயிலுக்குப் போனாலும் எங்கண்ணன் சாமியைப் பார்க்கமாட்டார், மணி எந்தக் கொக்கியில் தொங்குகிறது என்றுதான் பார்ப்பார் என்று உங்கள் அம்மா சொல்லுவாள்.

பெரியவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது உங்கள் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சளி என்று நினைத்தோம். குன்னூர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது, இதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை என்று சொன்னார். கோயம்புத்தூரிலும் காட்டினோம். அங்கேயும் அதேதான். மலைக் குளிரும் ஈரமும் ஆகாது, கீழே கூட்டிப் போனால் இருக்கிற நாட்களாவது சிரமமில்லாமல் இருப்பாள் என்றார்கள்.

அவள் மாட்டேன் என்றாள். "நான் கீழ போயிட்டா இதுகளுக்கு யாருங்க தல சீவி உடுவாங்க? எத்தன நாளோ, எ ஊட்டுலயே இருந்துக்கறனுங்க" என்றாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. உங்களோடு இந்த வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை நான் மச்சானிடம் சொன்னேன். அவர் அழவில்லை, என்னைத் தேற்றவுமில்லை. டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "குளிரும் ஈரமுந்தானே மாப்ள? அதப் பாத்துக்கறதுதானுங்க எ வேலையே" என்றார்.

நிஜமாகவே அதுதான் அவர் வேலை. ஃபாக்டரியில் பச்சை இலையை நீளமான தொட்டிகளில் கம்பி வலைமேல் பரப்பி, அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்றை ஊதுவார்கள். இலை ஈரம் வற்றி வாடி, அரைக்கப் பதமாக வரும். எந்தக் காற்றை எவ்வளவு விடுவது என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதையே தங்கைக்குச் செய்தார். கழித்துப் போட்ட சின்ன விசிறி ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கினார். வீட்டுக்குப் பின்னால் தகர அடுப்பு வைத்துச் சுவரில் ஓட்டை போட்டார். விசிறி ஊதும் அடுப்புச் சூட்டைச் சுமந்துகொண்டு தகரக் குழாய் ஒன்று அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்து கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஜன்னல் இடுக்கையெல்லாம் சணல் வைத்து அடைத்தார். முதல் நாள் தானே படுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவளைப் படுக்க வைத்தார்.

"ஏனுங்ண்ணா, என்னைய வாட்டி முடிச்சப்புறம் ரோலர்ல போட்டு அரைப்பீங்களா?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

"இல்ல அம்மிணி, இது வெறுங் காத்து மட்டுந்தான்" என்று அவர் விளக்கம் சொன்னார். அவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

உங்களில் பெரியவர்களுக்கு அந்தக் கட்டில் நினைவிருக்கும். காகிதத்தைக் கிழித்துக் கட்டில் ஓரத்தில் போடுவீர்கள், அது கூரை வரைக்கும் பறக்கும். அம்மாவும் படுத்தபடியே ஊதி விடுவாள். ஐப்பசி மழையில் அரவேணு முழுக்கப் பாசி பிடித்துக் கிடந்தபோது நம் வீட்டில் உப்புக்கூடக் கசியவில்லை. கொஞ்ச நாள் அவள் நன்றாகவே இருந்தாள். உட்கார்ந்து தலை சீவி விட்டாள்.

பிறகு அவளுக்கு உதடு வெடித்தது. தொண்டை காய்ந்து இருமல் கூடியது. இலைக்கு ஏற்ற காற்று அது. ஈரத்தை உறிஞ்சத்தான் அதற்குத் தெரியும். மச்சான் கெட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொதிக்க வைத்து அறையில் ஆவி விட்டார். சுவரெல்லாம் தண்ணீர் வழிந்தது. ஆவியைக் குறைத்து, காற்றைக் கூட்டி, மறுபடி குறைத்தார். ஃபாக்டரியில் ஈரம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் மானியைக் கட்டில் தலைமாட்டில் மாட்டினார். சாயங்காலம் வந்தால் முதலில் மானியைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் தங்கையை. எங்கண்ணன் இப்போதெல்லாம் அந்தக் கண்ணாடிக் குழாயைத்தான் நலம் விசாரிக்கிறார் என்று அவள் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நீங்கள் அடுக்களையில் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். மச்சான் கட்டிலுக்கு அடியில் ஸ்பேனரோடு படுத்துக்கொண்டு குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அவள் தலைமாட்டில் இருந்தேன். அப்போதுதான் அவள் கூப்பிட்டாள்.

"அண்ணா, அத நிறுத்துங்க. கொழந்தைங்க சத்தம் கேக்க மாட்டேங்குது."

"சித்த பொறு அம்மிணி. நிறுத்துனா ரூம்பு ஈரமாயிரும்."

"ஆவட்டுங்ண்ணா. இது சரியாகாதுங்க. உங்களுக்கும் தெரியுமல்ல? அந்த ஸ்பேனரக் கீழ வெச்சுட்டு, ஊட்டுக்கு வந்த ஒறம்பரையாட்டம் செத்த நேரம் சும்மா உக்காருங்க."

அவர் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தார். உடனே வெளியே வரவில்லை. நான் குனிந்து பார்த்தேன். முகத்தை முழங்கையால் மூடியிருந்தார். அப்புறம் மெதுவாக எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்தார்.

அந்த விசிறி நின்றபோதுதான் அது எவ்வளவு இரைந்திருக்கிறது என்று எங்களுக்கே தெரிந்தது. தகரக் கூரையில் மழை விழுந்தது. பெரியவள் சின்னவனை, போடா பூசணிக்காய் என்று திட்டினது தெளிவாகக் கேட்டது. உங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். மச்சான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளே ஒரு கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்துக் கிணற்றைப் பற்றியும், சின்ன வயதில் அவர் கழற்றிப் போட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் விட்ட அப்பாவின் சைக்கிளைப் பற்றியும் பேசினார்கள். மானி பக்கம் அவர் திரும்பவில்லை. இருட்டும்வரை இருந்தார்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில், பெரியவளுக்கு ஒரு பக்கம் பின்னிவிட்டு மறு பக்கம் எடுக்கும்போது உங்கள் அம்மா போய்விட்டாள். அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது.

காரியம் முடிந்த மறுநாள் மச்சான் குழாயையும் விசிறியையும் கழற்றினார். யாரையும் தொட விடவில்லை. கழற்றி முடித்து என்னைப் பார்த்தார்.

"மாப்ள, மொதல்லயே கொஞ்சம் ஈரம் உட்டிருந்தா அம்மிணி இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்குமோ?"

காற்றினால் ஒன்றும் ஆகவில்லை, நோய் அதன் வழியில் போனது, டாக்டரே சொன்னார் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"கணக்கு எங்க தப்புச்சுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதுங்க மாப்ள."

கொஞ்ச நாளில் ஓவேலிப் பக்கம் வேறு ஃபாக்டரியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஏறி இறங்குகிறதா, ஒரே மட்டமா என்று கேட்கிறார். வேறு எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது.

இறந்தவர்மேல் கிடந்ததை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, அவள் போர்த்தியிருந்த கம்பளியை யாருக்காவது கொடுத்துவிடு என்று அன்றைக்குக் காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கொடுக்கவில்லை. நீங்கள் யாரும் வீட்டில் இல்லாத ஒரு பகலில் அதைக் கொல்லையில் நனைத்துத் துவைத்தேன். வெளியே பனி மூடியிருந்தது, கொடியில் போட்டால் காயாது. அடுக்களைக்குள் வந்து அடுப்பை மூட்டி, கம்பளியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அதன் எதிரில் நின்றேன். ஒரு பக்கம் சூடேறியதும் மறு பக்கம் திருப்பினேன். கை கடுக்கும்போது தோளில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் சொட்டி என் சட்டையெல்லாம் நனைந்தது. பள்ளிக்கூடம் விடும் நேரம் வரைக்கும் அப்படியே திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.