கவர் பிரிக்காத மாஸ்க்

இன்று எங்கள் ஸ்ரீராம்புரம் ஊதுபத்தி கம்பெனியில் மருத்துவ முகாம். மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயை ஊதச் சொன்னார்கள். நான் ஊதியதில் முள் அசையவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன்.

"எந்த செக்‌ஷன்ண்ணா?" என்றார் நர்ஸ்.

"கரித்தூள் கலக்குற இடம்மா."

"மாஸ்க் குடுக்கலையா?"

"குடுத்தாங்க. அழுக்காயிடும்னு கவரோட லாக்கர்ல வச்சிருக்கேன். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தா போட்டுக்குவேன்."

(சிரிக்காதீர்கள். உங்களுடையது எங்கே இருக்கிறது?)

"மாஸ்க்கைக் காப்பாத்தி நெஞ்சை அழுக்காக்கிட்டீங்களேண்ணா! இன்னிக்கே எக்ஸ்ரே எடுங்க."

எக்ஸ்ரே சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

"வீட்ல வேற யாராவது இங்க வேலை செய்றாங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

திங்கட்கிழமை என் மகள் இதே செக்‌ஷனில் சேருகிறாள், முதலாளியிடம் கெஞ்சி வேலை வாங்கிக் கொடுத்தவனே நான்தான் என்பதைச் சொல்லவில்லை.