டைடாக்டிக் என்று பெயர் வாங்கிய நாடகம்

உடையார்கட்டு ஊரில் சுமித்திராவைத் தெரியாத வீடு இல்லை. போருக்குப் பிறகும் காட்டில் கிடக்கும் வெடிப்பொருட்களைத் தொடாதீர்கள் என்று ஊரூராக வீதி நாடகம் போடுகிறவள். விறகுக்குப் போன தம்பி சுதாகரன் ஒரு கையோடு திரும்பிய பிறகு அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. கோயிலில் நூல் கட்டினால் வெடி வெடிக்காது என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே சண்டைக்கு நிற்பாள்.

அவளுடைய நாடகத்தில் இரும்பு பொறுக்கும் பேராசைக்காரன் ஒருவன் வருவான். வெடிக்காமல் கிடந்த பீரங்கிச் செல்லைக் கல்லால் உடைப்பான். பறை அதிரும், அவன் விழுவான், சனம் சிரிக்கும். உடனே சுமித்திரா நடுவில் வந்து விரலை உயர்த்துவாள்: “பாத்தீங்களோ, ஆசைப்பட்டவன்ர கதியை!”

வாசிகசாலை முற்றத்தில் அதைப் போட்ட அன்று, இரும்பு பொறுக்கி விற்கிற வீரபாகு பாதியில் எழுந்து போய்விட்டார். நாடகப் பயிற்சி கொடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பிரதீபன் கடைசிவரை பார்த்தார்.

“நல்ல உழைப்பு. ஆனா கொஞ்சம் டைடாக்டிக்.”

“அது புகழுறதோ, ஏசுறதோ சேர்?”

“ரெண்டுக்கும் பாவிப்பினம். பாடம் சொல்லித்தரவெண்டே செய்தது, அதுதான் அர்த்தம். ஒரு கைநூலுக்குச் சொன்னா குறையில்லை. கதைக்கோ நாடகத்துக்கோ சொன்னா, மேல நிண்டு புத்தி சொல்லுது எண்ட குத்தலும் இருக்கும்.”

“அப்ப பாடத்தை எடுத்துவிடட்டோ?”

“முடிவைச் சனத்திட்டயே விடலாம். ஒவ்வொருத்தரும் தங்களுக்குப் பட்ட மாதிரி விளங்கட்டும்.”

“சேர், செல் வெடிக்கிறதுக்கு ஒரு விளக்கம்தான் இருக்கு.”

பிரதீபன் வாய்விட்டுச் சிரித்தார். “அதுவும் சரிதான். பாடம் இருக்கட்டும். விரலை ஆருக்கு நீட்டுறீங்கள் எண்டு மட்டும் பாருங்கோ.”

அந்தப் பேச்சு அவளைத் தைத்தது. அடுத்த நாளே வீரபாகுவின் வீட்டுப் படலையைத் திறந்தாள்.

“என்னைப் பேராசைக்காரனாக்கிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்க வந்தனியோ?”

“ஏன் அண்ணை காட்டுக்குப் போறனீங்கள்?”

“அரிசி வாங்க. என்ர வயல் இன்னும் ஆமியின்ர கம்பிவேலிக்கு உள்ள கிடக்கு. அதை உன்ர நாடகத்தில சொன்னனியோ?”

“இல்லை. என்ர பிழைதான்.”

படித்த பலருக்கு வாயில் வராத சொற்கள் அவை. செல்லை ஏவியவனுக்கும் வெடியைப் புதைத்தவனுக்கும் பாடம் எடுக்க இந்த நாட்டில் எவரும் முற்றம் தேடிப் போவதில்லை. பாடமெல்லாம் பசித்தவனுக்குத்தான். சுமித்திராவும் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்? ஆனால் அவள் மனம் சோர்ந்து ஒதுங்கவில்லை. நாடகத்தைப் பிரித்து மறுபடி கட்டினாள்.

புதிய நாடகத்தில் வெறும் பானை வந்தது, கம்பிவேலி வந்தது, வேலியைக் கேள்வி கேட்கும் குரலும் வந்தது. செல் வெடித்தபோது முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாடத்தை மட்டும் அவள் கைவிடவில்லை. சனத்தோடு தரையில் இருந்துகொண்டு சொன்னாள்.

“தொடாதேங்கோ. தள்ளி நிண்டு அறிவியுங்கோ. தெரியாமல் வீட்டுக்குக் கொண்டந்திருந்தாலும் சொல்லுங்கோ. ஒருத்தரும் ஏசமாட்டம்.”

கூட்டம் கலைந்த பிறகும் வீரபாகு போகவில்லை.

“பிள்ளை, என்ர குசினிக்குப் பின்னால, இரும்புக் குவியலுக்குள்ள செல் ஒண்டு கிடக்கு. பெரிசு. மகள் கௌசலா அதுக்குப் பக்கத்திலதான் உடுப்புக் காயப்போடுறவள்.”

“எப்பயிருந்து அண்ணை?”

“உன்ர முதல் நாடகத்துக்கு முன்னமே. அண்டைக்கு உன்னட்டச் சொல்லத்தான் வந்தனான். நீ எல்லாரையும் சிரிக்க வைச்சிட்டாய். பிறகு எந்த முகத்தோட சொல்லுறது?”

அவள் கௌசலாவை அழைத்துவரச் சுதாகரனை ஓடவிட்டு, வெடி அகற்றுகிறவர்களுக்குப் போன் எடுத்தாள்.

“பொலிசு வந்தா?” என்றார் வீரபாகு.

“நானும் உங்களோட நிக்கிறன்.”

நின்றாள். ஆட்கள் வந்து அந்தச் சாமானை வெடிக்கவைத்து அழிக்க ஆளில்லாத வெட்டைவெளிக்குக் கொண்டுபோகும்வரை அவரை விட்டு அசையவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம், “தானா அறிவிச்சவர், எழுதுங்கோ” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வேலியோரம் நின்ற ஒருவன், “பெரியவர் வெடியை அடைவைச்சுக் குஞ்சு பொரிக்கப் பாத்தவரோ?” என்று கேட்டான். பக்கத்தில் நின்ற எவரும் அவனோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

வெட்டைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. நிலம் ஒருமுறை அதிர்ந்தது. வீரபாகு மகளின் கையைப் பிடித்தார்.