மாவு மில் கனகலட்சுமி வாங்கிய ஸ்கோப்

விளாங்குடியில் மாவு மில் கனகலட்சுமியைத் தெரியாது என்று சொல்பவர்கள் இருக்கலாம். ஆனால் அவள் மில்லில் மிளகாய் அரைபடும் நேரத்தில் தும்மாமல் அந்தத் தெருவைக் கடந்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் எப்போதும் ஒரு படி ஏறியே இருக்கும். "ஏத்தா, கோதுமையக் காய வச்சுக் கொண்டாந்தியா, மழையில நனைச்சுக் கொண்டாந்தியா?" என்று அவள் கேட்டால் தெருமுனை டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என்னைவிட எட்டு வயது இளையவள். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அந்த உரிமையில் நான் அவளைத் திட்டியிருக்கிறேன். அவள் என்னைத் திருப்பித் திட்டியது இரண்டு மடங்கு இருக்கும்.

என் பெயர் இம்மானுவேல். மின்வாரியத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் வாடிப்பட்டி போகிற சாலையில் இருக்கும் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் களப் பொறுப்பு என்னுடையது. சுடும் கோட்டில் யாராவது வாயைத் திறந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கையில் விசில் இருக்கிறது, ஊதிவிடுவேன். கலெக்டரே வந்து பேசினாலும் ஊதுவேன் என்று கிளப்பில் கிண்டல் செய்வார்கள். ஊதத்தான் செய்வேன், அதிலென்ன தப்பு?

கனகம் இங்கே வந்தது மகளுக்காக. மகள் அஸ்வினியைக் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு அழைத்து வந்தாள். அந்தப் பெண் ஒரே வாரத்தில் தோள் வலிக்கிறது என்று நின்றுவிட்டது. பிள்ளை எழுந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். முதல் நாளே கறுப்பு வட்டத்துக்குள் ஐந்து குண்டு. "இதுல என்னண்ணே இருக்கு, மாவு சரியா வருதான்னு விரல்ல தேச்சுப் பாக்குற மாதிரிதான். அவசரப்பட்டா நறநறன்னு போயிரும்" என்றாள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நான் அந்த நிதானத்துக்கு வர மூன்று வருடம் ஆனது.

பிறகு வெள்ளெழுத்து வந்தது. மில் தராசைப் பார்க்க ஒரு கண்ணாடி போட்டால் முடிந்தது. துப்பாக்கியில் அது நடக்காது. சாதாரணக் காற்றுத் துப்பாக்கியில் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிளவு, குழல் நுனியில் ஒரு முள், அதற்கப்பால் இலக்கு. மூன்றையும் ஒரே கண் ஒரே நேரத்தில் பார்த்து நேராக்க வேண்டும். கண்ணாடி போட்டால் பிளவு தெரிந்தது, இலக்கு கரைந்துபோனது. கழற்றினால் இலக்கு தெரிந்தது, பிளவு பஞ்சாகிப்போனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அவள் மதிப்பெண் மாதா மாதம் இறங்கியது.

அப்போது கிளப்பில் பேச்சிமுத்து என்ற ஒரு புண்ணியவான், ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "வயசாயிருச்சுல்லக்கா, பேசாம மில்லப் பாத்துக்கிட்டு இருங்க. துப்பாக்கியக் குடுக்குறதா இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க" என்றான். கனகம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஸ்கோப் வச்சுச் சுடுற பிரிவு இருக்குல்ல? வர்ற மாவட்டப் போட்டியில அதுல நிக்கிறேன். மாநிலப் போட்டிக்குத் தகுதி மார்க் வரலைன்னா, அன்னைக்கே துப்பாக்கிய உன் கையில குடுத்துட்டுப் போறேன். அப்பறம் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

நான், அவள் வீட்டுக்காரர் சிவக்குமார், இன்னும் நாலு பேர் இருந்த இடத்தில் சொன்னாள். சிவக்குமார் டவுன் பஸ் கண்டக்டர். சில்லறை இல்லையென்றாலும் கோபப்படாத அபூர்வமான கண்டக்டர். அன்று அவர் முகம் செத்துப்போய்விட்டது. ஏனென்றால் அவள் சொன்னால் சொன்னதுதான். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஸ்கோப் என்பது துப்பாக்கிமேல் மாட்டுகிற ஒரு தொலைநோக்கி; உள்ளே ஒரு குறுக்குக் கோடும் இலக்கும் சேர்ந்தே தெளிவாகத் தெரியும், பிளவு முள் தொல்லை இல்லை. அதை வாங்க நான், கனகம், சிவக்குமார் மூவரும் டவுனுக்குப் போனோம். சிம்மக்கல்லில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் அந்தக் கடை. கடைக்காரப் பையன் சித்தார்த், முழங்கை நீளத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தான். தூரத்துப் பொருளை இருபத்து நாலு மடங்கு பெரிதாகக் காட்டுமாம். எனக்குப் பிடித்துவிட்டது. "பெருசாத் தெரிஞ்சா நல்லதுதானத்தா, எடு" என்றேன். கனகம் அதைக் கண்ணில் வைத்து எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தாள்.

"இதுல என் நெஞ்சு துடிக்கிறதெல்லாம் தெரியுதுண்ணே. போர்டு ஆடுதா, நான் ஆடுறேனான்னே தெரியல. எனக்கு எதுக்கு இது?"

அதைவிடச் சின்னதாக, ஒன்பது மடங்கு காட்டுகிற ஒன்றை எடுத்துத் தரச் சொன்னாள். அதைக் கையில் பிடித்துப் பார்க்கவில்லை. மேஜைமேல் தன் கைப்பையைப் போட்டு, அதன்மேல் அதை அசையாமல் பதித்து, பெயர்ப்பலகையின் ஓர் எழுத்தில் குறுக்குக் கோட்டை நிறுத்தினாள். பிறகு தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். "பாருங்கண்ணே, என் தலை அசைஞ்சா கோடும் எழுத்த விட்டு நகருது. இத வச்சுச் சுட்டா, கன்னம் கொஞ்சம் தள்ளி உக்காந்தாலே குண்டு எங்கயோ போயிருமே." வேறு இரண்டிலும் கோடு அப்படியே நகர்ந்தது. நாலாவதில், முன்கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது. அதைப் பக்கத்துத் தூரத்துக்குத் திருப்பி வைத்ததும் எவ்வளவு தலையாட்டினாலும் கோடு எழுத்தைவிட்டு நகரவில்லை.

"தம்பி, என்னோடது ஸ்பிரிங்குல காத்த அமுக்கிச் சுடுற துப்பாக்கி. இது அதுக்குத் தாங்குமா? அது பின்னாடியும் உதைக்கும், முன்னாடியும் உதைக்கும்."

சித்தார்த் பெட்டியைப் படித்துப் பார்த்துவிட்டுத் தாங்கும் என்றான். அப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பெரிய துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப்பை ஸ்பிரிங் துப்பாக்கியில் மாட்டி, உள்ளே கண்ணாடி கழன்று கிலுகிலுப்பையாகிப்போனதை எங்கள் கிளப்பிலேயே பார்த்திருக்கிறேன். பார்த்தும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அதைத் துப்பாக்கியில் மாட்டி, கோடு நிற்கும் இடத்திலேயே குண்டு விழும்படி குறி சேர்க்க உட்கார்ந்தாள். ஸ்கோப்பின் தலையிலும் பக்கவாட்டிலும் ஒவ்வொரு குமிழ், அதன்மேல் மூடி. தலைக்குமிழைத் திருகினால் குண்டு விழும் இடம் மேலே கீழே போகும், பக்கக்குமிழ் இடது வலது. ஒவ்வொரு திருகுக்கும் டிக் என்று ஒரு சத்தம். புதிதாக வருகிறவர்கள் ஒரு குண்டு சுடுவார்கள், ஒரு திருகு திருகுவார்கள். இன்னொரு குண்டு, இன்னொரு திருகு. குண்டைத் துரத்திக்கொண்டு சாயங்காலம்வரை அலைவார்கள். கனகம் ஐந்து குண்டு சுட்டாள், குமிழைத் தொடவில்லை. ஐந்தும் கூடி விழுந்த இடத்தின் நடுவைப் பார்த்தாள், அதற்கேற்பத் திருகினாள், மறுபடி ஐந்து. துப்பாக்கிக்குக் கீழே நொய்யரிசி நிரப்பித் தைத்த பைகள். மற்றவர்கள் மணல் பை வைப்பார்கள், இவளுக்கு மில் நொய். பைமேல் இடது உள்ளங்கை, கைமேல் துப்பாக்கி, அழுத்தாமல். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் போடும்.

வெயில் ஏறுவதற்குள் இருபத்தைந்து மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தன. மூடியை மாட்டினாள். "இனிமே இதுல ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாள். சிவக்குமாரைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது, போட்டி ஞாயிற்றுக்கிழமை. ஆயுத பூஜைக்கு மில்லைக் கழுவி, எண்ணெய் போட்டு, ஒரு நட்டு போல்ட் விடாமல் முடுக்கிவிடுவது வருடா வருடம் சிவக்குமார் வேலை. அன்று லீவு போட்டுவிட்டு வந்து அவர் தொட்ட இடமெல்லாம் பளபளக்கும். மெஷின், தராசு, மகளின் ஸ்கூட்டர் என்று வரிசையாக முடித்துவிட்டுத் துப்பாக்கிக்கு வந்தார். கனகம் வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தாள். இவர் ஸ்கோப்பைத் துணியால் துடைத்து, மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த குமிழ் விரல் பட்டதும் டிக் டிக் என்று சுற்றியது. அடடா, லூசாக இருக்கிறதே! சத்தம் நிற்கும்வரை முடுக்கினார். பக்கத்துக் குமிழையும் முடுக்கினார். இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மூடியைப் போட்டுச் சாமி படத்துக்குமுன் வைத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்டது. பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி வரை தொடக் கூடாது. விஜயதசமியான சனிக்கிழமை கனகம் கற்பூரம் காட்டி எடுத்து, துடைத்து, நேராகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை எங்கள் கிளப்பிலேயே போட்டி. தகுதி மதிப்பெண் நானூறுக்கு முந்நூற்று அறுபது. நாற்பது குண்டு சுட வேண்டும். அதற்குமுன் பத்து நிமிடம் பழகிக்கொள்ளலாம், அந்தக் குண்டுகள் கணக்கில் சேராது. கயிற்றுக்கு வெளியே நாற்காலியில் சிவக்குமார், பக்கத்தில் பேச்சிமுத்து. நான் விசிலோடு கோட்டுக்குப் பின்னால் நின்றேன்.

கனகம் முதல் குண்டு சுட்டாள். நான் தொலைநோக்கியில் பார்த்தேன். காகிதம் கழுவித் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது. கறுப்பு வட்டத்திலும் இல்லை, வெள்ளையிலும் இல்லை.   அவள் தலைக்குமிழின் மூடியைக் கழற்றினாள். உள்ளே மஞ்சளாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும். கயிற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சிவக்குமார் ஒன்றும் தெரியாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

என்னால் வாயைத் திறக்க முடியாது. யாராவது அவளுக்கு யோசனை சொன்னால் முதலில் விசில் ஊத வேண்டியவன் நான். இத்தனை வருடத்தில் அந்த விதியை நான் வெறுத்தது அன்றைக்குத்தான்.

கனகம் பதறவில்லை. துப்பாக்கிக் குழலை மறுபடி மடக்கிக் குண்டு போட்டு, இலக்கின் நடுவில் கோட்டை நிறுத்திச் சுட்டாள். இந்த முறை சுட்டதும் காகிதத்தைப் பார்க்காமல், அதன் பின்னாலிருக்கும் மண்மேட்டைப் பார்த்திருக்கிறாள். கீழே, இடது பக்கம், ஒரு சாணுக்கு மேல் தள்ளிப் புழுதி எழுந்து ஒரு சின்னக் குழி விழுந்தது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நொய்ப் பைகளைத் தட்டிக் குழியாக்கி, துப்பாக்கியை அதில் அழுத்தி உட்காரவைத்து, மறுபடி இலக்கின் நடுவைக் குறி பார்த்தாள். பிறகு துப்பாக்கி அசையாமல் இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் இரண்டு குமிழையும் ஒவ்வொன்றாகத் திருகினாள். குழல் இலக்கை நோக்கியபடியே கிடந்தது, உள்ளே கோடு மட்டும் மெல்ல மெல்ல நகர்ந்து மண்மேட்டுக் குழிக்குப் போனது. குண்டு எங்கே போகிறதோ அங்கேயே கோட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அந்த டிக் டிக் சத்தம் என் காதுவரை கேட்டது.

அடுத்த குண்டு காகிதத்தில், வெள்ளையின் ஓரத்தில் விழுந்தது. நான் மூச்சுவிட்டேன். நேரம் பாதிக்கு மேல் போயிருந்தது. வேறு யாராக இருந்தாலும் இப்போது ஒவ்வொரு குண்டுக்கும் திருகியிருப்பார்கள். இவள் ஐந்து சுட்டாள். நடுவைப் பார்த்தாள். திருகினாள். மறுபடி ஐந்து. கடைசிக் குண்டு கறுப்பின் மத்தியில் விழவும் நான் விசில் ஊதவும் சரியாக இருந்தது.

நாற்பது குண்டும் அவள் எப்படிச் சுட்டாள் என்று கேட்டால், மிளகாய் அரைக்கிற மாதிரி சுட்டாள் என்பேன். கண்ணில் தண்ணீர் வந்தாலும் கை நிற்காது. முதல் பத்தில் நிறைய இழந்தாள், நடு இருபதில் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசிப் பத்தில் ஒன்றும் இழக்கவில்லை. முந்நூற்று அறுபத்து மூன்று.

காகிதத்தை எண்ணி முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என் கோபத்துக்கு வழி கிடைத்தது. நேராகச் சிவக்குமாரிடம் போனேன்.

"என்ன மாப்ள, குமிழத் திருகுனது நீங்கதான? தங்கச்சி துப்பாக்கியத் தூக்கிப் போட்டுட்டு வீட்டோட கிடக்கணும்னு வேணும்னே பண்ணுனீங்களா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் முடுக்கித்தான மச்சான் விட்டேன்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் கனகத்தின் குரல் வந்தது. "அண்ணே, அவர வையாதீக. வேணும்னு கெடுக்கணும்னா எது எந்தப் பக்கம் போகும்னு தெரிஞ்சிருக்கணும்ல? எங்க வீட்டுக்காரருக்கு அம்புட்டு விவரம் பத்தாது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பேச்சிமுத்து சத்தமில்லாமல் நழுவினான். சிவக்குமார் சிரிக்கவில்லை.

"மூடியத் திறந்தப்பவே தெரிஞ்சிருக்கும்ல, கனகு? அப்பவே ஏன் திட்டல?"

"திட்டுனா எனக்குல்ல கை நடுங்கும்? சுட்டு முடிச்சிட்டுத் திட்டிக்கிருவோம்னு வச்சிருந்தேன்."

"இப்பத் திட்டு."

அவள் வாயைத் திறந்தாள். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"நீ அந்த வார்த்தையச் சொன்ன நாள்லருந்து எனக்குச் சோறு இறங்கல" என்றார் சிவக்குமார். "ஞாயித்துக்கிழமை காலையில நீ இந்தப் பையத் தூக்கிக்கிட்டுக் கிளம்புறப்ப உன் முகம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. அத இனிமே பாக்க முடியாதோன்னு பயமா இருந்துச்சு. எனக்கு இதுல வேற என்ன தெரியும்? ஒரு சாமான் நல்லா ஓடணும்னா முடுக்கத் தெரியும். அதத்தான் செஞ்சேன்."

  கனகம் துப்பாக்கிப் பையைத் தோளிலிருந்து கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

"மாநிலப் போட்டிக்கு நீங்களும் வாரீக. லீவு சொல்லி வைங்க" என்றாள். பிறகு வழக்கமான குரலில், கிளப்புக்கு வெளியே இருக்கும் வயல்வரை கேட்கும்படி, "எந்திரிங்க, பசிக்குது" என்றாள்.